பஸ் ஸ்டாண்டில் ஒரு புகார்ப் பலகை

போலீஸ் வேலையில் லத்தி பிடிப்பது சுலபம், ஜனங்களிடம் பேசுவதுதான் கஷ்டம். எந்த ஆபீஸிலாவது பொதுமக்களுக்குப் பதில் சொல்லும் நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும்.

ஒரே பதில்

சுனாமிக்கு அடுத்த வருஷம் எங்கள் ஸ்டேஷனுக்கு ஒரு செல்போன் வந்தது. உப்பு குடோன் சுவரில் நம்பரைப் பெரிதாக எழுதினோம். ஏட்டு என்ற முறையில் போன் என் பொறுப்பு. எந்த மெசேஜ் வந்தாலும் 'தகவல் கிடைத்தது, நன்றி' என்று அனுப்பச் சொல்லி இன்ஸ்பெக்டர் உத்தரவு. கடல் கொஞ்சம் இரைந்தாலே மெசேஜ் குவியும். அப்படி ஒரு நாள் கூனிமேட்டு மீன் வியாபாரி ஒருவர் மூச்சு வாங்க நேரிலேயே வந்துவிட்டார்.

"ஏட்டு சார், அலை வருதான்னு கேட்டா நன்றின்னு பதில் வருது. நாங்க ஓடணுமா, வேணாமா?"

முத்து முத்தான எழுத்து

பிறகு பஸ் ஸ்டாண்டில் ஒரு கரும்பலகை வைத்தோம். வந்த புகாரையும் எடுத்த நடவடிக்கையையும் ஊரறிய எழுத வேண்டும். ஜனங்களுக்கு நம்பிக்கை வருமாம். ஒரு நாள் காயின் பூத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். உப்பளத்தில் மேஸ்திரி கையைப் பிடித்து இழுக்கிறான், என் பேர் மட்டும் வேண்டாம் என்றாள். எழுதவில்லை. அவள் சொன்ன இடத்தை, 'கிழக்கு அளம், கடைசிப் பாத்தி' என்று மட்டும் சேர்த்தேன். விவரம் இருந்தால் நம்புவார்கள் என்று நினைத்தேன். அது மட்டும்தானா? என் கையெழுத்தை நாலு பேர் நின்று படிப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. இன்ஸ்பெக்டர் பலகையைப் போட்டோ எடுக்கச் சொன்னார்.

"ஏட்டு, பிரிண்ட் அடிச்ச மாதிரி இருக்குய்யா."

கடைசிப் பாத்தி

விசாரணைக்கு ஜீப் கிடைக்க மூன்று நாள் ஆனது. மேஸ்திரி எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, அந்தப் பாத்தியில் பெண்கள் யாரும் வேலை செய்யவில்லை என்றார். உண்மைதான். அன்று யாரும் இல்லை.

திரும்பி வந்தால் பலகை முன்னால் ஒருத்தி நின்றிருந்தாள். பெயர் அஞ்சலை. கால் முழுக்க உப்பு அரித்த புண். பலகையில் எழுதின அன்று சாயங்காலமே மேஸ்திரி அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டான். வேறு அளத்திலும் சேர்க்க மாட்டேன் என்கிறார்களாம். உன் பெயரை நான் எழுதவே இல்லையே என்றேன். அவள் கோபப்படவில்லை.

"பேரு எதுக்கு சார்? அந்தப் பாத்தியில பொம்பளைன்னா நான் ஒருத்திதான்."

அதற்குப் பிறகு உப்பளத்திலிருந்து ஒரு புகாரும் வரவில்லை. அந்தப் பக்கம் குற்றம் குறைந்துவிட்டது என்று அதே பலகையில், அதே கையெழுத்தில், நான்தான் எழுதினேன்.