அக்காவும் ஸ்பிரிட் பாட்டிலும்

அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தம்பி வணக்கத்துடன் எழுதுவது. அக்காவைப் பற்றிச் சொல்ல உங்கள் ஒவ்வொருவரிடமும் நல்லது ஏதாவது இருக்கும். என்னிடமும் இருக்கிறது. அதோடு நான் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது மேலூருக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில். அப்பாவுக்குக் கோர்ட்டில் வேலை கிடைத்ததும் குடும்பம் தல்லாகுளத்தில் இரண்டு அறை வாடகை வீட்டுக்கு வந்தது. அப்போது அக்காவுக்கு ஐந்து வயது, நான் கைக்குழந்தை. பள்ளிப்படிப்பு முடித்து லேப் டெக்னீஷியன் படித்த அக்கா, கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தார். கடைசியாக நோயில் படுக்கும்வரை அதே வேலைதான். அவர் ஊசி குத்தி ரத்தம் எடுத்தால் வலிக்காது என்று பஸ் ஏறி வருகிறவர்கள் உண்டு.

அந்த வேலையிலிருந்து வீட்டுக்கு வந்த பழக்கம்தான் ஸ்பிரிட். ஊசி போடுமுன் பஞ்சில் தொட்டுத் துடைப்பார்களே, அதுதான். கிளினிக்கிலிருந்து ஒரு சொட்டுகூடக் கொண்டுவந்ததில்லை. மெடிக்கல் கடையில் தனியாக ஒரு பாட்டில் வாங்கி, பெயர் எழுதி ஒட்டி, பீரோவின் மேல்தட்டில் வைத்திருப்பார். முகம் பார்க்கும் கண்ணாடியில் வரிசையாக ஒட்டிக் கிடக்கும் ஸ்டிக்கர் பொட்டின் பசை, புதுப் பாத்திரத்தில் விலைச்சீட்டை உரித்த பிறகும் கையில் பிசுபிசுக்கும் கோந்து, ரிமோட்டின் பட்டன், போனின் முதுகு என்று எதுவானாலும் ஒரு துளி பஞ்சில் எடுத்து ஒரே இழுப்பில் சுத்தம் செய்துவிடுவார். சட்டைப் பையில் பேனா மை கொட்டினால் அடியில் ஒரு பழைய துணியை வைத்து மேலே ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், தேய்த்தால் கறை பரவும் என்பார். மொட்டைமாடிச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்பினால் ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு காது குடையும் பஞ்சுக்குச்சியால் பொறுமையாகத் தொட்டுத் தொட்டு வைப்பார். சுவிட்ச் பலகையைத் துடைக்க வேண்டுமென்றால் மெயினை அணைத்த பிறகுதான். பஞ்சு ஈரமும் சொட்டக் கூடாது.

எதற்குக் கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். பாலிஷ் போட்ட மரத்தில் படக் கூடாது. ஆறாத புண்ணில் ஊற்றக் கூடாது. பக்கத்து வீட்டில் பத்து மாதக் குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தபோது, உடம்பெல்லாம் ஸ்பிரிட் தேய்த்தால் சூடு இறங்கும் என்று யாரோ சொல்ல, அந்தத் தாய் பாட்டில் கேட்டு வந்தார்.

"ஆத்தாடி, அதச் செஞ்சுறாத தாயி. தோல் வழியா உள்ள போனா பிள்ளைக்கு ஆபத்து. பிள்ளையக் குடு, ஆட்டோவக் கூப்பிடு" என்றபடியே அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தப் பிள்ளை இப்போது கல்லூரியில் படிக்கிறான்.

இனி, நான் சொல்ல வேண்டியது.

அக்காவின் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இருந்த தீத்தழும்பை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவர் கவனக்குறைவால் சுட்டுக்கொண்டதாகத்தான் குடும்பத்தில் பலரும் இன்றுவரை நினைத்திருக்கிறார்கள். அது அப்படி நடக்கவில்லை. அந்தத் தழும்புக்குக் காரணம் நான்.

அப்போது நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு. மூன்று பாடங்களில் அரியர். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். "இன்னொரு தப்பு நடந்துச்சு, படிப்ப நிப்பாட்டி மேலூர்க் குவாரிக்கு அனுப்பிருவேன்" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். அன்று காலை செய்முறைத் தேர்வு. வெள்ளைச் சட்டைதான் போட வேண்டும். இருந்த ஒரே வெள்ளைச் சட்டையின் பையில் மை கொட்டியிருந்தது. அப்பா கோர்ட்டுக்குப் போய்விட்டார். அம்மா ரேஷன் கடையில் நின்றார். அக்கா உள்ளே சேலை கட்டிக்கொண்டிருந்தார்.

"அடுப்பு எரியிறப்ப அந்தப் பாட்டிலத் தொடாத" என்று அக்கா நூறு முறை சொல்லியிருப்பார். எனக்கு அவசரம். அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருக்க, அதே மேடையில் சட்டையை விரித்து, ஒரு கிண்ணத்தில் ஸ்பிரிட்டை ஊற்றினேன். முழங்கை இடித்துக் கிண்ணம் கவிழ்ந்தது. தீ சத்தமே இல்லாமல், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு வெளிர்நீலமாக மேடையில் ஓடி வந்தது. பதறி அள்ளிய சட்டை கையிலேயே பற்றிக்கொண்டது. அதைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் பிடித்தபடியே நின்றேன்.

அக்கா ஓடி வந்து என் கையிலிருந்து எரிகிற சட்டையைப் பிடுங்கித் தண்ணீர் அண்டாவுக்குள் அமுக்கினார். அடுத்து சிலிண்டரை மூடினார். ஒரு வாளித் தண்ணீரை மேடையில் வீசினார். அதற்கப்புறம்தான் தன் கையைப் பார்த்தார். குழாயைத் திறந்து கையை அடியில் நீட்டிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி கேட்டார்:

"ஒனக்கு எங்கயும் பட்டுச்சாடா?"

"இல்லக்கா."

"அப்பா சட்டையப் போட்டுக்கிட்டுக் கிளம்பு. பரிட்சைக்கு நேரமாச்சு. நான் கிளினிக்ல கட்டுப் போட்டுக்கிறேன்."

அதற்குள் அம்மா வந்துவிட்டார். பதறிப்போய்ப் பல் விளக்கும் பேஸ்ட்டை எடுத்து வந்தவரை, "ஒண்ணும் தடவாதம்மா, தண்ணி மட்டும் ஓடட்டும்" என்று தடுத்துவிட்டு, அம்மா கேட்காமலேயே சொன்னார்: "நாந்தாம்மா. பால் அடுப்புல இருக்குறத மறந்துட்டு ஸ்பிரிட்ட எடுத்துட்டேன்."

நான் தேர்வுக்குப் போனேன். தேறினேன். அந்த ஆண்டே அரியரையும் முடித்தேன்.

அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. வந்தவர்கள் கையைப் பார்த்தார்கள், எப்படி ஆனது என்று கேட்டார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஓரிடத்தில், அடுப்படியில் கவனமில்லாத பெண் என்று பேசிக்கொண்டதாகத் தரகர் வந்து சொன்னார். அன்று அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட எழுந்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இப்பச் சொன்னா என் கை பழையபடி ஆயிருமா? பேசாம இருந்து படி."

நான் பேசாமல் இருந்தேன். அக்கா சொன்னதற்காக மட்டும் இல்லை, அப்பாவுக்குப் பயந்தும்தான். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு மாமா பெண் பார்க்க வந்தார். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம், பள்ளி ஆசிரியர். அவரும் கையைப் பற்றிக் கேட்டார். அக்கா, "ஸ்பிரிட்ல தீப்பிடிச்சிருச்சு" என்றார்.

"இப்ப அதத் தொடப் பயமா இருக்கா?"

"பயமெல்லாம் இல்ல. அடுப்பு எரிஞ்சாத் தொட மாட்டேன், அம்புட்டுத்தான்."

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். "இதுல பிசுக்கே போக மாட்டேங்குது. ஸ்பிரிட் போட்டா போயிருமா?"

"போட்டுறாதீங்க. கண்ணாடி மேல பூசியிருக்குறதும் சேந்து போயிரும். சோப்புத் தண்ணி போதும்."

மாமா சிரித்துவிட்டார். அந்த மாதமே நிச்சயம் ஆனது. இருபத்தாறு ஆண்டுகள் இருவரும் ஒற்றுமையாக வாழ்ந்தார்கள். ஒரே மகளைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தார்கள். கொரோனா நாட்களில் பயந்துபோன தெருவுக்கே போனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் அக்கா. "கையில தேச்சது நல்லாக் காஞ்ச பெறகு விளக்கேத்து" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

கணையத்தில் கட்டி என்று தெரிந்தபோது மருத்துவர் முகத்தைப் பார்த்தே அக்கா புரிந்துகொண்டார். எட்டு மாதம் தாக்குப்பிடித்தார். ஒரு மத்தியானம் மருத்துவமனையில் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அக்கா, அப்பாவும் இல்ல, அம்மாவும் இல்ல. இனியாச்சும் அதச் சொல்லிரட்டுமா?"

"எத? ஓ... அதையா! இன்னுமா அத வச்சுக்கிட்டு இருக்க?" என்று என்னைப் பார்த்தார். "சொன்னாத்தான் மனசு ஆறும்னா சொல்லு. ஆனா பொண்ணு பாக்க வந்தவுக பேர இழுக்காத. அவுகளுக்கு என்ன தெரியும் பாவம். ஒங்க மாமாவுக்கு அப்பவே தெரியும்."

ஆரஞ்சைக் கீழே வைத்தேன். "எப்பருந்து?"

"கல்யாணமான மறு வாரத்துலருந்து."

இருபத்தாறு ஆண்டுகள். என் வேலை, என் திருமணம், என் வீடு கட்டியது எல்லாவற்றிலும் முன்னால் நின்றவர் மாமா. ஒரு பார்வையில்கூடத் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. வராந்தாவில் நின்றிருந்தவரிடம் போய், "மாமா, மன்னிச்சுருங்க" என்றேன். என்ன விஷயம் என்று அவர் கேட்கவில்லை. என் தோளில் கையைப் போட்டார்.

"விடு மாப்ள. அன்னைக்கு நீ அந்த வேலையப் பாக்கலைன்னா, எனக்கு முன்னால வந்தவனுக்கே அக்காவக் கட்டிக் குடுத்திருப்பீங்க. எனக்கு யாரு கெடச்சிருப்பா?"

அழுதுகொண்டே சிரித்தோம். உள்ளே படுத்திருந்த அக்கா, "அங்க என்ன சிரிப்பு?" என்று குரல் கொடுத்தார். அதன் பிறகு பதினோரு நாட்கள் எங்களோடு இருந்தார். அந்த நாட்களில் மாமாவிடம் நான் மறைக்க எதுவும் இல்லை. பெரிய நிம்மதி அது.

நோய்க்காலத்தில் மாறி மாறி ரத்தம் கொடுத்த அக்காவின் கிளினிக் தோழர்களுக்கும், இரண்டு வேளையும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டம்மாவுக்கும், மேலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து ஆளுக்கு ஒரு நாள் துணையிருந்த சித்தி மக்களுக்கும், இறுதிச் சடங்குகளைத் தாங்கி நடத்திய மாமா வீட்டுச் சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

ஆண்டு முடிந்தது. இனி வீட்டில் நல்ல காரியம் வைக்கலாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். வருகிற மாதம் அக்காவின் மகளுக்கு வளைகாப்பு. தாய் இடத்தில் நின்று முதல் வளையலைப் போட என் மனைவியைக் கேட்டிருக்கிறாள். கண்ணாடி வளையல்களை மாமாவே கடைத்தெருவுக்குப் போய் வாங்கி வந்துவிட்டார். வருகிற எல்லாருக்கும் காணுமா என்று நேற்றும் பிரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குறைந்தால் இன்னொரு நடை போய் வருவாராம். ஆகவே, தயங்காமல் எல்லோரும் வாருங்கள்.