தோசியும் தோஸும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் ஓட்டிவந்த லாரியிலிருந்து சரக்கு இறங்கும்வரை ஒரு டீக்கடையில் நிற்கிறேன். "சாயா ஒண்ணு தாருங்க" என்றதும் கடைக்காரர் சிரிக்கிறார்.

"இன்னா மாமே, கேரளாவா? தமிழ்ல கேளு."

நான் நாகர்கோவில்காரன், பேசியதும் தமிழ்தான். ஆனால் வழக்கம்போல் கூச்சத்தில் வாய் திறக்கவில்லை.

பக்கத்தில் கம்பெனிச் சட்டை போட்ட இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளிக்கிறார்கள். ஒருவர் "தோசி" என்கிறார். மற்றவர் தலையாட்டி, "தோஸ்" என்கிறார்.

"தோசை இல்ல சார், போண்டாதான் கீது" என்று கடைக்காரர் தட்டை நீட்டுகிறார்.

படித்தது ஐந்தாம் வகுப்புதான் என்றாலும் உயிரெழுத்து மறக்கவில்லை. எப்படியோ வாய் திறந்துவிடுகிறது.

"தோசை இல்லங்க. ரெண்டு பேரும் ஒரே சொல்லத்தான் சொல்லுகாங்க. ஒருத்தரு கடைசியில 'இ' போடுகாரு, மத்தவரு அத முழுங்குகாரு. சாயாவுல இனிப்பு கூடிப்போச்சு போல, அதான் மொகம் சுளிக்காங்க."

"அவுங்க பாஷ உனுக்குத் தெரியுமா?" என்று கடைக்காரர் நக்கலாகச் சர்க்கரை டப்பாவைத் தூக்கிக் காட்டுகிறார்.

"எஸ், எஸ்! தோசி!"

"தோஸ்!"

"சேம் கன்ட்ரியா சார்?" என்று கடைக்காரர் அவர்களைக் கேட்கிறார்.

"நோ. பிரேசில்" என்கிறார் ஒருவர். "போர்ச்சுகல்" என்கிறார் மற்றவர். "பட் சேம் லாங்குவேஜ்."

கடைக்காரர் என்னையே பார்க்கிறார். "இன்னா காது நைனா உனுக்கு!"

"அவங்க பேசுகது ஒரே பாஷைன்னா, நாம பேசுகதும் ஒண்ணுதான்" என்கிறேன், தெருவுக்கே கேட்கும்படி.