நிறுத்தக் கூடாத பாட்டு

ஞாயிறு மாலைகளில் என் மகள் ஆப்ரோபீட் ஆடப் போகிறாள். மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு சின்ன மண்டபம், ஆப்பிரிக்க மேளமும் பித்தளைக் குழல்களும், இருபது வயதுப் பிள்ளைகள். போன வாரம் கூட்டிவரப் போனபோது கதவிடுக்கில் பார்த்தேன். கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தாள். இன்னும் சரியான தூக்கமில்லை.

எனக்குத் தெரியும் அந்தத் தாளம். ஏழெட்டு வயதில் கேட்டிருக்கிறேன்.

அவனியாபுரத்தில் எங்கள் தெரு அம்மன் கோயில் முளைப்பாரி. மேளக்காரர்கள் சாப்பிடப் போன மதியம். நைஜீரியாவில் துணிமில் வேலை பார்த்து, லீவில் வந்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, ரேடியோ செட்காரரிடம் தன் கேசட்டைக் கொடுத்துவிட்டார். ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து தாளம் கிளம்பியதும் பந்தலில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தாள். டைபாய்டில் கிடந்து, அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்த அம்மா. தோள் ஒரு பக்கமும் இடுப்பு ஒரு பக்கமுமாக, கொண்டை அவிழ ஆடினாள்.

"சாமி வந்திருச்சு!" குலவை எழுந்தது.

எங்கள் பக்கம் மேளக்காரர், சாமியாடுகிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் அடிப்பார். கால் தளர்ந்தால் அடியை இறக்கி, மெல்லச் சாமியை மலையேற்றி அனுப்பிவைப்பார். கேசட் யார் முகத்தைப் பார்க்கும்? அப்பா ஒயரைப் பிடுங்க ஓடினார். பூசாரி மறித்தார்.

"வெடுக்குன்னு நிப்பாட்டுனா உசுருக்கு ஆகாதுப்பா. பாட்டு முடியட்டும்."

"எப்ப மாப்ள முடியும்?" என்று அப்பா மாமாவின் சட்டையைப் பிடித்தார்.

மாமா சட்டையை விடுவித்துக்கொண்டார். "கேசட்டுல ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு மச்சான். இன்னும் பாடவே ஆரம்பிக்கல."

"அம்புட்டு நேரம் என்னத்தடா ஊதுறாய்ங்க!"

யாரும் சிரிக்கவில்லை. அம்மாவின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. சேலையைப் பிடிக்க ஓடிய என்னை, சாமியைத் தொடாதே என்று இழுத்துக்கொண்டார்கள். விழுந்துவிடுவாள், விழுந்தால் எழமாட்டாள் என்றே தோன்றியது. மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆடினாள்.

ஒருவழியாகப் பாட்டு ஓய்ந்தது. அம்மா மாமாவின் மேல் சரிந்தாள். திமிறிக்கொண்டு நானும் போய் ஒட்டிக்கொண்டேன்.

பூசாரி விபூதி பூசினார். "ஆத்தா, என்ன வேணும்னு கேளு."

தெருவே கைகூப்பி நின்றது. மூச்சு வாங்க, மாமாவின் காதருகே அவள் சொன்னது எனக்கும் கேட்டது.

"தம்பி, கேசட்டைத் திருப்பிப் போடுடா."

அம்மனுக்கு இன்னும் போக மனமில்லை என்றுதான் அன்று நினைத்தேன். அம்மாவை விட்டுவிடச் சொல்லி, அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.