இரவுக் குளிசை

டொக்டர் இருந்தார். தாதி மிஸ்ஸி இருந்தார். மருந்து கொடுக்கிறவர் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தார். என் மனைவி இருந்தாள். நான் வாங்குப் பலகையில் வலது காலை நீட்டிக்கொண்டு இருந்தேன். மனைவியின் தம்பி இல்லை. அவன் கடலில்.

ஊர் மருந்துச்சாலையில் காசு வாங்க மாட்டார்கள். டவுனில் தனியாரிடம் போனால் ஒரு நாள் மீன் முழுவதும் போய்விடும். அதனால் சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்க எல்லோரும் இங்கேதான். கிளினிக் செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும். ஏழு மணிக்கு வரிசை நம்பர் கொடுத்து முடிந்துவிடும். தோணிகள் கரைக்கு வருவது ஒன்பதுக்கு.

பாதத்தில் புண் வந்து கரையில் கிடப்பதால்தான் எனக்கு நம்பர் கிடைக்கிறது.

டொக்டர் புண்ணைப் பார்த்தார்.

"மருந்து கூட்டியும் சீனி இறங்கல்ல. அடுத்த மாசமும் இப்படியெண்டா சிலாபம் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவன். விரல் எடுக்க வரும். குளிசை ஒழுங்காப் போடுறீங்களா?"

"ஓம். காலையில ஒண்டு."

"இரவைக்கு?"

"இரவைக்கும் இருக்கா?"

டொக்டர் என் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"அது தம்பிக்குப் போகுது, டொக்டர். அவனுக்கும் சீனி. கோயில் வளவில மெடிக்கல் கேம்ப் வெச்ச நேரம் குத்திப் பார்த்துச் சொன்னாங்க."

"இதென்ன கறிமீனா, பங்கு போட?" என்றார் மிஸ்ஸி.

எங்களிடம் அப்படித்தான். விற்கமுன் வீட்டுச் சமையலுக்குக் கறிமீன் பிரிப்போம். கடலுக்குப் போகாத வீட்டுக்கும் பங்கு உண்டு. இவள் குளிசையையும் பிரித்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

"அவரை வரச் சொல்லுங்க."

"எப்ப வாற, டொக்டர்? பின்னேரம் ஒரு கிளினிக் வைங்களன்," என்றாள் மனைவி.

"அது என்ட கையில இல்ல."

"மீனைச் செவ்வாய்க்கிழமை லீவு எடுக்கச் சொல்லுங்க," என்றார் மிஸ்ஸி. வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கால் ஆறினால் நானும் கடலுக்குப் போவேன். பிறகு எனக்கும் நம்பர் இல்லை.

வழியெல்லாம் மனைவியை விட்டு முன்னால் நொண்டி நடந்தேன்.

மச்சான் எங்கள் பங்குக் கறிமீனோடு வீட்டுக்கு வந்தான். என் தோணியை அவன்தான் ஓட்டுகிறான். அவன் கிளினிக்கில் நின்றால் தோணி கிடக்கும். அவன் விழுந்தாலும் தோணி கிடக்கும்.

"அக்கா, குளிசை தந்தாங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். உறையில் ஒரு மாதத்துக்கு அறுபது. எரிச்சலோடு நானே எண்ணி அவன் கையில் கொட்டினேன்.

முப்பது.