இசக்கிசெல்வி திருப்பிக் கேட்ட திருத்தம்

தூத்துக்குடி பைபாஸ் சாலையை ஒட்டிய கன்டெய்னர் யார்டுகளில் எங்கே கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் முதல் போன் இசக்கிசெல்விக்குத்தான் வரும். வயது முப்பத்தாறு. சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். அப்பா அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தவர். பாலிடெக்னிக் முடித்த கையோடு ஏணியில் ஏறி நெட்வொர்க் கேபிள் இழுக்கிற வேலைக்குப் போனாள். பிறகு சென்னையில் நாலு வருடம் ரவுட்டர்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை. சிவபாலனைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தவள், மூன்று யார்டுகளின் கம்ப்யூட்டர்களைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டாள். சிவபாலனுக்குப் படகுகளுக்கு வேண்டிய கயிறும் பெயிண்டும் விற்கும் கடை.

அந்த மூன்றில் பெரிய யார்டில் ஒரு தொந்தரவு ரொம்ப நாளாக இருந்துவந்தது. உள்ளே வரும் லாரி எடைமேடையில் ஏறி நிற்கும். மேடைக்குப் பக்கத்திலிருக்கும் ஒரு சின்னப் பெட்டி எடையை கேட் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். கடல் காற்றும் உப்பும் சேர்ந்து பெட்டியின் இணைப்புகளை அரித்துக்கொண்டே இருந்ததால், அது அடிக்கடி செத்துப்போகும். அதற்காகவே இன்னொரு பெட்டியைத் துணைக்கு வைத்திருந்தாள். முதல் பெட்டி நின்றதும் இரண்டாவது அதே முகவரியை எடுத்துக்கொண்டு, "இனிமேல் இந்த முகவரி நான்தான்" என்று எல்லோருக்கும் அறிவிக்கும். பத்துக்கு ஒன்பது தடவை கண்மூடித் திறப்பதற்குள் வேலை கைமாறிவிடும். பத்தாவது தடவை கேட் கம்ப்யூட்டர் அந்த அறிவிப்பைக் காதில் வாங்காததுபோல, செத்துப்போன பெட்டியையே ஒரு நிமிடம் வரை கூப்பிட்டுக்கொண்டிருக்கும். அதற்குள் வெளியே லாரிகள் சேர்ந்து ஹாரன் அடிக்கத் தொடங்கிவிடும்.

ஏன் அந்தப் பத்தாவது தடவை மட்டும் என்று கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு மாதம் ஆனது. கேபிளில் போகிற வருகிற தகவல் ஒவ்வொன்றையும் பதிவுசெய்து, வரிவரியாகப் பார்த்தாள். கோளாறு பெட்டியில் இல்லை, யார்டில் யாரும் செய்ததும் இல்லை. கேட் கம்ப்யூட்டரில் ஓடிய லினக்ஸின் கெர்னலில், அதாவது எல்லா நிரல்களுக்கும் அடியில் இருந்து இயந்திரத்தை நடத்துகிற மூல நிரலில், ஒரு விதி இருந்தது. எந்த முகவரி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கெர்னல் ஒரு பட்டியல் வைத்திருக்கும். பட்டியலில் ஒரு வரியை எழுதினால், அடுத்த ஒரு நொடிக்கு அந்த வரியை மாற்றச் சொல்லி யார் வந்தாலும் கேட்காது. துணைப் பெட்டியின் அறிவிப்பு அந்த ஒரு நொடிக்குள் வந்துவிட்டால் போச்சு.

உலகம் முழுவதும் ஓடுகிற நிரல் அது. அதன் வலைத்தொடர்புப் பகுதியை மாற்ற வேண்டுமென்றால், அதற்கென்று இருக்கும் மடற்குழுவுக்குத் திருத்தத்தை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். அங்கே இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும்படி கேள்வி கேட்பார்கள். அதற்கெல்லாம் பதில் சொல்லித் தேற வேண்டும். இசக்கிசெல்வி எழுதியது மொத்தம் பதினோரு வரி. அறிவிப்பு வந்தால் நொடிக்கணக்குப் பார்க்காமல் உடனே ஏற்றுக்கொள்ளச் சொல்லும் பதினோரு வரி. முதல் தடவை அனுப்பியபோது, வெறும் எழுத்தாக இல்லாமல் எழுத்து அலங்காரத்தோடு வந்த மடல் என்று மடற்குழுவின் இயந்திரமே திருப்பி அனுப்பிவிட்டது. இரண்டாம் தடவை இடைவெளிகள் குலைந்துபோய், திருத்தத்தைப் பொருத்தவே முடியவில்லை என்று ஒருவர் எழுதினார். மூன்றாம் தடவை ஒழுங்காகப் போனது. அன்று மத்தியானமே ஹெல்மியின் பதில் வந்தது.

ஹெல்மி பின்லாந்துக்காரி. அந்தப் பகுதிக்கு வரும் திருத்தங்களைப் பல வருடமாகப் படித்துக் கருத்துச் சொல்லிவருபவள். அவள் சொன்னது இதுதான்: அந்த ஒரு நொடி சும்மா வைத்ததாக இருக்காது. இரண்டு கருவிகள் தவறுதலாக ஒரே முகவரியை வைத்துக்கொண்டு நான்தான் நான்தான் என்று மாறி மாறி அறிவித்தால் என்ன ஆகும்? பட்டியல் இங்கும் அங்கும் தாவிக்கொண்டே இருக்காதா?

அப்படி யார் அமைப்பார்கள் என்று இசக்கிசெல்வி கேட்டாள். யாராவது அமைப்பார்கள் என்றாள் ஹெல்மி. எங்கே நடந்தது, ஆதாரம் காட்டுங்கள் என்று இவள் எழுத, ஆதாரம் இல்லை, ஆனாலும் சம்மதமில்லை என்று அவள் எழுத, இப்படியே நாலு சுற்று ஓடியது. ஒவ்வொரு சுற்றுக்கும் திருத்தத்தை இன்னும் சுத்தமாக்கி அனுப்பினாள் இசக்கிசெல்வி. நாலாவது சுற்றில் பொறுமை போய்விட்டது. "உங்கள் ஜன்னலுக்கு வெளியே லாரிகள் வரிசையில் நிற்பதில்லை, அதனால் உங்களுக்கு அவசரம் புரியவில்லை" என்று ஒரு வரியைச் சேர்த்து அனுப்பிவிட்டாள். அனுப்பிய மறுநிமிடமே உறுத்தியது. பொது மடற்குழுவில் போனதைத் திரும்ப எடுக்க முடியாது.

ஹெல்மி அதற்குப் பதில் எழுதவில்லை. ஆனால் இசக்கிசெல்வி வைத்த பதிவுகள் பலமாக இருந்தன. வேறு நாட்டு ஆட்கள் இருவர், எங்களுக்கும் இதே தொந்தரவுதான் என்று எழுதினார்கள். கடைசியில் அந்தப் பகுதியின் பொறுப்பாளர் திருத்தத்தை ஏற்று, அடுத்த வெளியீட்டுக்கான கிளையில் சேர்த்துவிட்டார். உலகத்துக்குப் போய்ச் சேர இன்னும் இரண்டு மூன்று மாதம் இருந்தது. திருத்தத்தின் கீழே அவள் பெயர் இருந்தது. அதை சிவபாலனிடம் காட்டினாள். அவன் கடையில் கயிறு வாங்க வந்தவர்களிடமெல்லாம் போனை நீட்டிக் காட்டினான்.

யார்டு கேட் கம்ப்யூட்டரில் மட்டும், தன் திருத்தம் சேர்ந்த கெர்னலை அப்போதே ஏற்றிவிட்டாள். ஆறு வாரம் எந்தத் தொந்தரவும் இல்லை.

ஏழாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஜெபிஷா போன் செய்தாள். எடைமேடையைப் பார்த்துக்கொள்ளும் பெண் அவள்.

"அக்கா, ஒரு எடையும் வரமாட்டேங்கு. இருந்திருந்து நிக்கது இல்ல, சுத்தமா நின்னுபோச்சு. இறால் லோடு வண்டி மூணு நிக்கி, கப்பலுக்கு நேரமாவுதுன்னு சத்தம் போடுதாவ."

இசக்கிசெல்வி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வரிசை சாலை வரைக்கும் நீண்டிருந்தது. ஜெபிஷா கெட்டிக்காரி. மேடைப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு, எடை காட்டும் பலகையைப் பார்த்து ஒவ்வொரு வண்டிக்கும் கையால் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். குளிர்பெட்டி வண்டிகளை முதலில் அனுப்பிவிட்டாள். மெதுவாகத்தான் நகர்ந்தது, ஆனால் நகர்ந்தது.

பதிவை ஓடவிட்டதும் இசக்கிசெல்விக்கு விஷயம் புரிந்துவிட்டது. முந்தின நாள் வாசலில் புதுக் கேமரா ஒன்றை மாட்டியிருந்தார்கள். மாட்டியவர் எடைமேடைப் பெட்டியின் முகவரியையே அதற்கும் போட்டுவிட்டார். கேமரா நான்தான் என்றது. பெட்டி, "இல்லை, நான்தான்" என்றது. நொடிக்கு எட்டுப் பத்துத் தடவை. அவளுடைய பதினோரு வரி ஒவ்வொரு அறிவிப்பையும் மறுபேச்சில்லாமல் நம்பியது. ஹெல்மி சொன்னது ஒன்றுகூட விலகாமல் கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது.

கேமராவைக் கழற்றும் முன் ஒரு காரியம் செய்தாள். கம்ப்யூட்டரைப் பழைய கெர்னலில் கிளப்பிப் பார்த்தாள். எடைகள் வந்தன. திக்கித் திக்கி, இடையிடையே நின்று, ஆனால் வந்தன. பழைய விதியே இருந்திருந்தால் இந்தக் காலைப்பொழுது இப்படிப் போயிருக்காது.

கேமராவின் முகவரியை மாற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது. யார்டு மேனேஜர் அருமைநாயகம் டீ வாங்கிக் கொடுத்தார்.

"கேமராக்காரன் பண்ணுன தப்புக்கு நீ ஏம்மா மொகத்தத் தொங்கப்போட்டுட்டு நிக்க? நம்பர மாத்தியாச்சுல்லா, லாரி போவுதுல்லா."

"அவர் பண்ணுனது தப்புதான் அண்ணாச்சி. ஆனா பழசு இருந்திருந்தா ஒப்பேத்தியிருக்கும். நான் மாத்துனதுனாலதான் மொத்தமா நின்னுச்சு."

"அது உனக்கு மட்டுந்தான தெரியும்?"

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வார்த்தை அவளோடு வந்தது. உண்மையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். இன்னும் சில வாரத்தில் அந்தப் பதினோரு வரி எத்தனை ஆஸ்பத்திரியில், எத்தனை ரயில் நிலையத்தில் போய் உட்காரும் என்று யாருக்கும் தெரியாது. அங்கெல்லாம் ஒரு ஜெபிஷா நாற்காலி போட்டு உட்கார்ந்து கையால் எழுத முடியுமா?

சாப்பிட வந்திருந்த சிவபாலனிடம் சொன்னாள்.

"ஏளா, அந்த அம்மாட்ட அந்தச் சண்ட போட்டியே. இப்ப அவ சொன்னதுதான் சரின்னு எழுதப் போறியா?"

"எழுதணும்."

"எல்லாரும் பாப்பாங்கள்லா?"

"பாப்பாங்க."

"அப்ப சோத்தத் தின்னுட்டு எழுது."

சாப்பிட்டுவிட்டு எழுதினாள். என் திருத்தத்தை வெளியே எடுத்துவிடுங்கள் என்று முதல் வரியிலேயே கேட்டாள். நடந்ததைச் சொன்னாள், பதிவுகளை இணைத்தாள், பழைய கெர்னலில் பார்த்ததையும் மறைக்காமல் எழுதினாள். கடைசியில், ஹெல்மி சொன்னது சரி, லாரி வரிசையைப் பற்றி நான் எழுதியது தவறு, மன்னிக்கவும் என்று முடித்தாள். அனுப்பிவிட்டு மாடிக்குப் போய், காய்ந்திருந்த துணிகளையெல்லாம் மடித்தாள். போனை வேண்டுமென்றே கீழேயே விட்டிருந்தாள். பதினாறு வருட வேலையில் இப்படி ஊரறியத் தன் தப்பைச் சொன்னது இல்லை. இனிமேல் என் பெயரில் ஒரு திருத்தம் வந்தால் யார் மதிப்பார்கள் என்று மனசு அரித்தது.

கீழே வந்தபோது இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று பொறுப்பாளருடையது: எடுத்துவிட்டேன், நன்றி. அவ்வளவுதான். அதைப் படித்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பதினோரு வரியும் உலகத்துக்குப் போகவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மற்றது ஹெல்மியுடையது. "என்னிடம் பயம் மட்டும்தான் இருந்தது, ஆதாரம் இல்லை. அதனால் என்னையே நான் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தேன். நீங்கள் அனுப்பிய பதிவைப் பார்த்த பிறகு இன்று நிம்மதியாக இருக்கிறது. ஆனால் உங்கள் லாரிகளும் பொய் இல்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி எழுதுவோமா?" மன்னிப்பைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. இசக்கிசெல்விக்கு அதுவே போதுமாக இருந்தது.

அடுத்த வாரம் இரண்டு பேரும் வீடியோவில் பேசிக்கொண்டார்கள். ஹெல்மிக்கு ஐம்பது தாண்டியிருக்கும். மேசைமேல் ஒரு கொழுத்த பூனை. கேமராவின் கதையை முழுசாகக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள். எடைமேடையைக் காட்டச் சொன்னாள். மறுநாள் யார்டிலிருந்து பேசியபோது இசக்கிசெல்வி காட்டினாள். மேடையில் ஏறி நின்ற லாரியையும், பின்னால் வெயிலில் பளபளத்த உப்புக் குவியல்களையும், கையசைத்த ஜெபிஷாவையும் ஹெல்மி தன் திரையில் பார்த்தாள்.

புது வழி எளிமையானதுதான். முதல் அறிவிப்பை உடனே நம்பலாம். அதே முகவரி கொஞ்ச நேரத்துக்குள் திரும்பத் திரும்பத் தாவினால், பழையபடி ஒரு நொடி பிடித்து வைத்துக்கொண்டு, இங்கே இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள் என்று எச்சரிக்கையும் எழுதிவைக்கலாம். எத்தனை தாவல் என்பதைப் பயனர் மாற்றிக்கொள்ளும்படி ஒரு தனி அமைப்பு வைக்கலாம் என்றாள் இசக்கிசெல்வி. வேண்டவே வேண்டாம், வைத்தால் அதைத் தவறாக மாற்றுகிறவனும் வருவான் என்றாள் ஹெல்மி. அதற்கும் மூன்று நாள் வாதம் நடந்தது. இந்தத் தடவை இசக்கிசெல்விக்கு அது பிடித்திருந்தது. மடற்குழுவில் இன்னும் மூன்று சுற்று. மூன்றாவதில் பொறுப்பாளர் ஏற்றுக்கொண்டார். கீழே இரண்டு பெண்களின் பெயர்களும் இருந்தன.

புதிய கெர்னலை யார்டில் ஏற்றிய இரண்டாம் வாரம், காலை வேலை மும்முரமாக நடக்கும்போது முதல் பெட்டி செத்துப்போயிருந்தது. இசக்கிசெல்விக்கே தகவல் பதிவில் பார்த்துத்தான் தெரிந்தது. எதற்கும் கேட்போம் என்று ஜெபிஷாவைக் கூப்பிட்டாள்.

"ஒம்பதே காலுக்கு எதும் நின்னுச்சா?"

"ஒண்ணும் நிக்கலையே. ஏன்க்கா?"

"பெட்டி மாறியிருக்கு."

"அப்படியா? நான் பாட்டுக்கு எட போட்டுட்டுல்லா இருந்தேன். வண்டி நிக்கிக்கா, வச்சிருதேன்."

ஜெபிஷா போனை வைத்துவிட்டாள். இசக்கிசெல்வி லேப்டாப்பை மூடினாள். மின்விசிறியைக் கூட்டி வைத்து, பாயை விரித்துப் படுத்தாள். சிவபாலன் மத்தியானம் சாப்பிட வந்து இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தானே போட்டுச் சாப்பிட்டுவிட்டுச் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு கடைக்குத் திரும்பினான்.