எதிர்த்தரப்பு நாற்காலி

வெளியுறவுக் கொள்கைக்கும் தேசப் பாதுகாப்புக்கும் காரைக்குடியில ஒரு எம்.ஏ. கல்லூரியான்னு கேட்டுச் சிரிக்காத ஆள் கிடையாது. ஒரு பெரிய செட்டிநாட்டு வீட்டுல ரெண்டாங்கட்டு முழுசையும் வாடகைக்குப் பிடிச்சு நடத்துனோம். பிள்ளைக பதினோரு பேரு, வாத்தியாருக என்னைச் சேத்து மூணு பேரு. தேவகோட்டை பஸ்ல யாராவது எங்க வேலைன்னு கேட்டு, நான் சொன்னா, “போலீஸ் டிரெய்னிங்கா சார்?”ம்பாக. எனக்குச் சுள்ளுன்னு ஏறும். ஏன், டெல்லியில இருந்தாத்தான் உலகத்தைப் பத்திப் பேசணுமா?

அந்த வீம்புலதான் பேச்சுவார்த்தை வகுப்பை அவ்வளவு கறாரா நடத்துனேன். சீட்டுக் குலுக்கிப் போடுவோம். எந்த நாடு வருதோ, ஒரு வாரம் அந்த நாட்டுத் தூதராப் பேசணும். மாத்தக் கூடாது. விதி நான் போட்டது.

அந்தத் தடவை கடல் எல்லையும் பிடிபட்ட மீனவர்களும்தான் தலைப்பு. இந்தியாவுக்கு ஒக்கூர்ப் பிள்ளை ஒண்ணு. அக்கரை நாட்டுச் சீட்டு, தொண்டிப் பக்கத்துல இருந்து வந்த பொண்ணுக்கு விழுந்துச்சு. மீன்பிடிக்கிற வீடு. எங்க பிள்ளைகள்லயே கெட்டிக்காரி அதுதான்.

புதன்கிழமை காலையில வந்து என் மேசைகிட்ட நின்னுச்சு. கண்ணு ரெண்டும் வீங்கியிருந்துச்சு.

“சார், எல்லை தாண்டிட்டாகன்னு அப்பா போன போட்டை அக்கரை நேவிக்காரக பிடிச்சுட்டுப் போயிட்டாகளாம். என்னால அவுக பக்கம் பேச முடியாது. சீட்டை மாத்திக் குடுங்க சார்.”

மாத்திக் குடுத்திருக்கணும். மனுசனாப் பொறந்தவன் மாத்திக் குடுத்திருப்பான். ஆனா வெள்ளிக்கிழமை ஓய்வுபெற்ற தூதர் ஒருத்தர் டெல்லியில இருந்து வாராரு, தமிழர்தான். அவர் ஒரு வார்த்தை மெச்சிட்டாக் கல்லூரிக்கு அங்கீகாரம் வந்துரும்னு எனக்கு நப்பாசை. “நாளைக்கு நிஜத் தூதரானா, வீட்டு விஷயத்துக்காக நாட்டை மாத்துவியாம்மா?”ன்னு கேட்டேன். அது தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிருச்சு.

வெள்ளிக்கிழமை பேசுச்சு. எல்லைக் கோடு, ஒப்பந்தம், நம்ம போட்டுக இழுவலை போட்டுக் கடலை அடியோட அரிச்சுட்டு வர்றதால அக்கரை மீனவனுக்கு வந்த பட்டினி, ஒண்ணு விடலை. “தெரிஞ்சேதான் தாண்டுறாங்க. இரக்கப்பட்டு விட்டா மறுபடி வருவாங்க. சட்டப்படி உள்ளயே இருக்கட்டும்”னு முடிச்சுச்சு. குரல் நடுங்கவே இல்லை. இந்தியாவுக்குப் பேச வந்த ஒக்கூர்ப் பிள்ளை கையில இருந்த குறிப்பை மடிச்சு வச்சுருச்சு. தூதர் எந்திரிச்சு நின்னு கை தட்டினாரு. நானும் தட்டுனேன், பாவி.

அப்பறம்தான் பாக்குறேன், கடைசி வரிசையில ஒரு அம்மா கையில மனுவோட உக்காந்திருந்தாக. அந்தப் பொண்ணோட அம்மா. டெல்லிக்காரர் வாராருன்னு மக எப்பவோ சொன்னதை நெனவு வச்சு, மனுவை அவர் கையில குடுத்தாப் புருஷன் வந்துருவார்னு நம்பி, மககிட்டகூடச் சொல்லாம பஸ் ஏறி வந்திருக்காக. நாங்க பேசுனது பூராம் தமிழ்லதான். ஒரு வார்த்தை விடாமக் கேட்டிருக்காக. இது பாடம், இப்படிப் பேசுறதுதான் பரீட்சைன்னு அவுகளுக்கு யாரு சொன்னது? மனுவை மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டு வெளிய நடந்துட்டாக. “அம்மா, பாடந்தாம்மா, சத்தியமாப் பாடந்தாம்மா”ன்னு கத்திக்கிட்டு மக பின்னாலயே ஓடுச்சு. தூதர் காபி குடிச்சுக்கிட்டு இருந்தாரு. அவரைக் கூட்டிக்கிட்டு ஓடணும்னு எனக்குத் தோணலை.

மறுவாரம் லைப்ரரிப் புத்தகத்தைத் திருப்பிக் குடுக்க வந்துச்சு. படிப்பை விட்டாச்சாம். வீட்டுல அம்மா மொகம் குடுத்துப் பேசுறதில்லையாம்.

“மனுவை நான் எழுதித் தாரேம்மா. டெல்லிக்கு நானே அனுப்புறேன்.”

“வேணாம் சார். நீங்க நல்லாத்தான் எழுதுவீக. எந்தப் பக்கத்துக்கு வேணும்னாலும் நல்லாத்தான் எழுதுவீக.”

செவுட்டுல ஒண்ணு விட்டிருந்தாத் தேவலை. அங்கீகாரம் வரலை, அடுத்த வருஷம் சேர ஆளும் வரலை, கல்லூரியை மூடிட்டோம். அந்தப் பொண்ணோட நம்பர் இன்னும் என் போன்ல கெடக்கு. அப்பா வந்துட்டாரான்னு ஒரு வார்த்தை கேக்க எனக்கு இன்னைக்கு வரைக்கும் துப்பில்லை.