கறுத்துப்போன புது எண்ணெய்

என் பெரியப்பா இளநீர் வாங்கினால், வெட்டுகிறவன் ஏற்கெனவே பாதி குடித்திருப்பானோ என்று காயைக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். தபால்காரர் எங்கள் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கினால், "இவன் ஏன் இங்க இறங்கறான்?" என்பார். இறங்காமல் போய்விட்டால், "ஏன் இறங்காம போறான்?" என்பார். அப்படிப்பட்டவர் ஒரு டீசல் வேன் வாங்கினார். சந்தேகப்படுவதற்கு மனிதர்கள் போதவில்லை என்று கடவுள் ஒரு என்ஜினையும் சேர்த்துக் கொடுத்துவிட்டான்.

வைத்திக்குப்பத்தில் எங்கள் குடும்பம் கடலை நம்பிய குடும்பம். பெரியப்பாவுக்கு மட்டும் படகில் கால் வைத்தாலே குமட்டும். அதனால் சின்ன வயதிலேயே வெள்ளைக்காரத் தெருவுக்குப் போய், ஒரு பிரெஞ்சுத் துரையின், அதாவது முசியேயின், பெட்ரோல் காரை ஓட்டும் சொஃபராகிவிட்டார். ஆட்சி மாறி முசியே கப்பலேறியபோது பெரியப்பாவிடம் மிஞ்சியவை ஒரு தொப்பி, கொஞ்சம் வெள்ளைக் கைக்குட்டைகள், அதைவிடக் கொஞ்சமான பிரெஞ்சு வார்த்தைகள். குப்பத்தில் மோட்டாரைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் வருவார்கள். பாதி நேரம் வந்ததைவிடக் கூடுதல் சந்தேகத்தோடு திரும்பிப் போவார்கள்.

அப்பா கரையில் ஏலத்தில் மீன் எடுப்பார். பெரியப்பா அதை ஐஸ் போட்டு வேனில் ஏற்றி விழுப்புரம் கொண்டுபோவார். வேன் மெட்ராஸில் யாரோ ஓட்டிக் களைத்தது. அதற்கு எப்போது சர்வீஸ் செய்வது என்பதில் மட்டும் பெரியப்பாவுக்குச் சந்தேகமே கிடையாது. ஜூலை பதினாலுக்கு முன்னால் ஒருதடவை, கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒருதடவை. முசியேயின் கார் அந்த இரண்டு நாளும் கவர்னர் மாளிகை வாசலில் போய்ப் பளபளவென்று நிற்க வேண்டும் என்பதால், அங்கே அதுதான் கணக்கு. முசியே போய்விட்டார், அவர் கொடியும் இறங்கிவிட்டது. எங்கள் மீன் வண்டி மட்டும் பிரான்ஸ் தேசத்துப் பண்டிகைகளுக்குத் தவறாமல் எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தது.

கார் வாரத்துக்கு ஒருமுறை கடற்கரைச் சாலையில் காற்று வாங்கப் போன வண்டி. வேனோ தினமும் விழுப்புரம் போய்த் திரும்பியது. இந்த வித்தியாசம் வேனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு நாள் காலை கண்டமங்கலம் தாண்டியதும் முக்கியது, முனகியது, கரும்புகை விட்டு நின்றேவிட்டது. பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் அவ்வளவாக ஒத்துவராது என்பதால் அன்று நானும் வண்டியில் இருந்தேன். ஐஸ் கரைந்தது. வெயில் ஏறியது. கெட்டுப்போன மீனை ஒரு தென்னந்தோப்புக்காரர், மரத்துக்கு உரமாகட்டும் என்று பெரிய மனசோடு வாங்கிக்கொண்டார்.

"எவனோ ஆகாதவன் டாங்கியில சக்கரையப் போட்டிருக்கான்" என்றார் பெரியப்பா.

வண்டியை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தியது நெல்லித்தோப்பில் ஒரு கொட்டகையில். அங்கே மெக்கானிக்காக இருந்தவர் எங்களுக்குத் தூரத்து உறவு, வீராம்பட்டினத்துக்காரர், முறைக்கு எனக்கு மாமா; அவருக்குப் பெரியப்பா மாமா. பெரியப்பாவின் மகளை, அதாவது என் அக்காவை, அவருக்குக் கேட்டு அவர் அம்மா இரண்டு தரம் வந்து போயிருந்தார். பெரியப்பா பிடிகொடுக்கவில்லை. சிரித்துச் சிரித்துப் பேசுகிற பையன் என்பது அவருடைய சந்தேகம்.

மாமா என்ஜினைத் திறந்து பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"எண்ணெய் கூழாட்டம் கெடக்குது மாமா. கடைசியா எப்ப மாத்துனீங்க?"

"கிறிஸ்மஸுக்கு."

"எந்தக் கிறிஸ்மஸுக்கு?"

"தே, நக்கலா?"

"இல்ல மாமா. இது டீசலு. அதுவும் சரக்கு வண்டி. ஆயிரம் மைலுக்கு ஒருதரம் எண்ணெய் மாத்தியாவணும். மீன்தண்ணி ஒழுகுது பாருங்க, அடியில வாராவாரம் கழுவி க்ரீஸ் வைக்கணும்."

ஆயிரம் மைல் என்றால் எங்கள் ஓட்டத்துக்கு மாதம் முடிவதற்குள் வந்துவிடும். பெரியப்பாவின் புருவம் தொப்பிக்குள் போய்விட்டது. "மாசா மாசம் எண்ணெய் குடிக்கறதுக்கு அது வண்டியா, வாயாடிக் கிழவி தலையா?" என்று கேட்டார். ஆனால் தென்னந்தோப்பில் கொட்டிய மீன் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஒருதரம் மாற்றிப் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார். வெளியே வந்ததும் என் காதைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார்.

"நீ இங்கியே இரு. பழசு பூரா எறங்குதா, புதுசு பூரா ஏறுதா, கண்ணக் கொட்டாம பாரு. வந்து எங்கிட்ட மட்டும் சொல்லு."

நானும் கண்ணைக் கொட்டாமல் பார்த்தேன். தார் மாதிரி பழசு இறங்கியது. தேன் மாதிரி புதுசு ஏறியது. விரலால் தொட்டு நக்கிக்கூடப் பார்த்தேன். தேன் இல்லை.

மாமா வேனை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். பெரியப்பா முசியேயின் வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை உதறி எடுத்தார். என்ஜினிலிருந்து எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி, துணியில் துடைத்தார். துணியில் கரிக்கோடு.

"இது இன்னாது?"

"எண்ணெய்தான் மாமா."

"எண்ணெயா? முசியே கார்ல மாத்துன எண்ணெய் மூணு மாசம் ஆனாலும் பசு நெய் மாதிரி இருக்கும். நீ மாத்தி இன்னும் சூடு ஆறல, கரியா இருக்குது. பழசையே திருப்பி ஊத்திட்டியா?"

மாமா பொறுமையாகத்தான் சொன்னார். "அது பெட்ரோலு. இது டீசலு. உள்ள பூரா கரி அப்பிக் கெடக்கும் மாமா. புது எண்ணெய் அதக் கழுவி எடுத்துக்கும். நெல்லித்தோப்புலேர்ந்து இங்க வர்றதுக்குள்ளயே கறுத்துடும். கறுத்தாதான் அது ஒழுங்கா வேல செய்யுதுன்னு அர்த்தம்."

"நொன்!" என்றார் பெரியப்பா. பிரெஞ்சில் மறுத்தால் அப்பீல் கிடையாது. "திருடிட்டு கரி மேல பழிபோடறியா?"

நான் முன்னால் போய், "புதுசுதான் ஊத்துனாரு பெரியப்பா, நான் பாத்தேன்" என்றேன். அதற்கு முந்தின வாரம்தான், கரையில் ஒரு சுறா போலீஸ்காரரின் கெப்பித் தொப்பி போட்டுக்கொண்டு ஒதுங்கியிருக்கிறது என்று சொல்லிப் பாதிக் குப்பத்தை ஓடவைத்திருந்தேன். அதனால் என் சாட்சிக்கு மண்டையில் ஒரு குட்டுதான் கிடைத்தது. "இவனும் அவனும் கூட்டு" என்றார் பெரியப்பா.

அதோடு விட்டிருக்கலாம். எதிர்வீட்டில் வலை பின்னிக்கொண்டிருந்தவருக்குக் கேட்கும்படி வாசலிலேயே ஒரு தீர்ப்பும் சொன்னார். "எண்ணெயில ஏமாத்தறவன் பொண்ணு வாழ்க்கையில ஏமாத்த மாட்டானா? அடுத்த தரம் நான் என் கையால மாத்தறேன். இதே எடத்துல கம்பிய உருவறேன். எண்ணெய் நெய்யாட்டம் இருந்துதுன்னா இவன் திருடன். அப்புறம் இந்தச் சம்பந்தப் பேச்சு எடுத்துக்கினு ஒருத்தரும் என் வாசப்படி ஏறக் கூடாது."

உள்ளே அக்கா கையிலிருந்த சொம்பு விழுந்த சத்தம் கேட்டது. அதைக்கூடப் பெரியப்பா சந்தேகமாகத்தான் திரும்பிப் பார்த்தார்.

ஆயிரம் மைல் ஓடி முடிந்தது. பெரியப்பா வேனை நெல்லித்தோப்புக்கு ஓட்டிப்போனார். என்னையும் கூட்டிப்போனார், வீட்டில் விட்டால் யாருடனாவது கூட்டுச் சேருவேனாம். மாமாவை ஸ்பேனரைத் தொட விடவில்லை. தானே வேனுக்கடியில் படுத்து, நட்டைக் கழற்றி, எண்ணெய் வடிந்து, சொட்டாகி, சொட்டும் நின்று போகிறவரை தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு தானே நட்டை முடுக்கினார். மூடி திறக்காத புது டின்னைத் தன் கையால் உடைத்துத் தானே ஊற்றினார். மாமா ஒரு ஓரமாகக் கைகட்டி நின்றார். "மாமா, வேணாமே... டீசலு எப்பிடியும் கறுக்கும்" என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தார். "பயமா இருக்குதா?" என்றார் பெரியப்பா.

வண்டியைப் பெரியப்பாவே ஓட்டினார். மாமாவைப் பின்னால் உட்கார வைத்தார். அவர் எதையும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள என்னை அவருக்கு எதிரே உட்கார வைத்தார். ஓடுகிற வண்டியின் பின்னாலிருந்து முன்னாலிருக்கிற என்ஜினில் எப்படிக் கலப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் முறைத்துக்கொண்டே வந்தேன்.

வாசலில் கூட்டம். வலை பின்னுகிறவர் வலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார். பெரியம்மா நிலைப்படியில், அக்கா ஜன்னலில். பெரியப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, புதுக் கைக்குட்டையை எல்லோருக்கும் காட்டி, கம்பியை உருவித் துடைத்தார்.

மை மாதிரி இருந்தது.

இன்னொருதரம் உருவினார். துணியின் சுத்தமான பக்கத்தைத் திருப்பித் துடைத்தார். அந்தப் பக்கமும் மை.

நான் குதிக்கத் தயாரானேன். மாமா ஜெயித்துவிட்டார், சொன்னது சொன்னபடி நடந்துவிட்டது. ஆனால் ஜன்னலில் அக்கா சிரிக்கவில்லை. அழப்போகிறவள் மாதிரி பெரியப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "சொஃபரே, இந்த எண்ணெய யாரு ஊத்துனது?"

பெரியப்பா கம்பியை மறுபடி துடைத்தார்.

"நீங்களேதான? அப்ப திருடன் யாருன்னு..."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பெரியப்பாவின் காது சிவந்தது. ஆயுளில் முதல்முறையாக அவரிடம் சந்தேகம் தீர்ந்துபோயிருந்தது. கையில் கம்பியோடு, தெருவைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினால் அப்புறம் யாருக்காகவும் திறக்கமாட்டார் என்று தோன்றியது.

அப்போது மாமா முன்னால் வந்தார்.

"தப்பு என்னுதுதாங்க" என்று வலைக்காரரைப் பார்த்துச் சொன்னார். "மாமா நல்ல எண்ணெய்தான் ஊத்துனாரு. நான்தான் பழசு முழுசா வடியறதுக்குள்ள அவசரப்பட்டு நட்ட முடுக்கிட்டேன். அடியில நின்ன பழசு புதுசோட கலந்துடுச்சு. போன தரமும் அப்பிடித்தான் ஆயிருக்கும். மாமா கேட்டது நாயந்தான்."

"பொய்!" என்று கத்தினேன். "பெரியப்பாதான் நட்ட முடுக்கினாரு! சொட்டு இல்லாம வடியவிட்டுத்தான் முடுக்கினாரு! நான் பக்கத்துல இருந்..."

குட்டு விழுந்தது. இந்தமுறை குட்டியவர் மாமா. என் வாழ்க்கையிலேயே நான் உண்மை பேசியது இரண்டே தடவை. இரண்டு தடவையும் மண்டை வீங்கியது. பிறகு அந்தப் பழக்கத்தை நான் தொடரவில்லை.

பெரியப்பா மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். நட்டை யார் முடுக்கியது என்பது அங்கே மூன்று பேருக்குத் தெரியும். அதில் ஒருவன் பேச்சு எடுபடாது. கைக்குட்டையை நிதானமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருவுக்கு அறிவித்தார்: "வயசுப் பசங்களுக்கு எதுலயும் அவசரம். போகப் போகச் சரியாயிடும்."

பிறகு குரலைத் தணித்து, "உள்ள வாங்க மாப்ள. கை நனைச்சிட்டுப் போலாம்" என்றார்.

வலைக்காரர் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பெரியம்மா அடுப்படிக்கு ஓடினார். ஜன்னலில் அக்காவைக் காணவில்லை. சம்பந்தம் பேசி முடியாத வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள் என்ற வழக்கமெல்லாம் எனக்கு அப்போது யாரும் சொல்லித் தரவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒருவர் தப்பு செய்தேன் என்று ஒத்துக்கொண்டதும் அவருக்கு இலை போட்டார்கள் என்பதுதான்.

கோபித்துக்கொண்டு வேனுக்குள் போய் உட்கார்ந்தேன். உள்ளே பேசுவது கேட்டது.

"ஆயிரம் மைலுக்கு ஒருதரம் மாத்திடணும் மாப்ள. அதுக்கு மேல டீசலு தாங்காது. எனக்கு அனுபவம் இருக்குது."

"சரிங்க மாமா."

"அடியில க்ரீஸ் வாராவாரம். மீன்தண்ணி பொல்லாதது."

"சரிங்க மாமா. இன்னும் கொஞ்சம் கொழம்பு."

சற்று நேரத்தில் அக்கா வந்தாள். தட்டில் வறுத்த வஞ்சிரம், நடுத்துண்டு. வீட்டில் பெரியவர்களுக்கு மட்டும் போடுகிற துண்டு. அதை என் மடியில் வைத்துவிட்டு, என் மண்டையில் வீங்கின இடத்தைத் தேடித் தடவிக்கொடுத்தாள்.

"நீ சொன்னது நெசந்தான்டா."

"நெசம்னு தெரியுதுல்ல? வந்து எல்லார் முன்னாடியும் சொல்லு."

"வாய மூடிக்கினு தின்னு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அழுத கண்ணோடு அவ்வளவு பெரிதாகச் சிரிக்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

அவள் போன பிறகு மீனைப் புரட்டிப் பார்த்தேன். முகர்ந்து பார்த்தேன். பொய் சொன்னவருக்கும் சாப்பாடு, உண்மை சொன்னவனுக்கும் சாப்பாடு என்றால், இந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து என்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்பது உறுதியாயிற்று. என்ன அது என்று கடைசி முள்வரை யோசித்தும் பிடிபடவில்லை.